பதினெட்டிலிருந்து கீழே

தணிகாசலம் பியர் நொதிக்க வைத்திருந்த பெட்டிக்கு மூன்றாம் நாளே மாலைகள் வரத் தொடங்கின. அவருக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. சாவு வீடுகளுக்கு வாடகைக்குப் போகிற, கண்ணாடி மூடி போட்ட ஐஸ் பெட்டி அது. பழசாகிக் கழித்துப் போட்டதை வாங்கி வந்து கூடத்தில் வைத்திருந்தார். முத்தியால்பேட்டையில் அப்படி ஒரு பெட்டி கூடத்தில் இருந்தால் ஜனங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரத்தான் செய்வார்கள்.

பெட்டிக்குள் இருபது லிட்டர் தண்ணீர் கேன். கேனுக்குள் பியர். புதுச்சேரி வெயிலில் விட்டால் ஈஸ்ட் தலைகால் தெரியாமல் ஆடும், பியர் வாயில் வைக்க விளங்காது. அதனால் சென்சார் ஒயரைக் கேனின் வயிற்றில் டேப் போட்டு ஒட்டி, வெளியே இருந்த சின்னக் கருவியில் பதினெட்டு டிகிரி என்று வைத்திருந்தார். கேன் சூடானால் பெட்டி ஓடும். குளிர்ந்தால் நிற்கும். கேன் மூடியில் தண்ணீர் ஊற்றிய குழாய் ஒன்று. நொதிக்கிற காற்று அதன் வழியாகக் 'குபுக்' என்று வெளியேறும். கால் நிமிடத்துக்கு ஒரு குபுக்.

"இன்னும் மூச்சு இருக்கு" என்றாள் எதிர்வீட்டு அம்சவேணி.

"எப்ப எடுக்கறீங்க?" என்றார் அவள் புருஷன்.

"பதினாலு நாள் ஆவும்."

"அவ்ளோ நாளா? வெளியூர்லேருந்து யாராச்சும் வரணுமா?"

தணிகாசலத்துக்குச் சுருக்கென்றது. வர வேண்டியவர் ஒருவர் இருக்கத்தான் செய்தார்.

ஒன்பது வருடத்துக்கு முன்பு அப்பா செத்தபோது அண்ணன் புருஷோத்தமன் வடக்கே பிலாயில் வேலையில் இருந்தார். ரயில் ஏறிவிட்டேன், நான் வரும்வரை வைத்திருங்கள் என்று போன் செய்தார். தணிகாசலம் ஐஸ் பெட்டி எடுக்கவில்லை. சித்திரை வெயில். மறுநாள் காலையிலேயே எடுத்துவிட்டார்கள். அண்ணன் வந்தபோது சாம்பலைக்கூடக் கடலில் கரைத்தாகிவிட்டது. "ஒரு பெட்டி வெக்க உனக்கு மனசு வரல இல்ல? இனி உன் சாவுக்குத்தான் இந்த வாசப்படி மிதிப்பேன்" என்று சொல்லிவிட்டு வந்த ஆட்டோவிலேயே திரும்பினார். அன்றிலிருந்து தணிகாசலத்துக்குச் சோறு நெஞ்சில் கொஞ்ச நேரம் நின்றுதான் இறங்கும்.

ஆட்கள் வர வரக் கூடம் நீண்டுகொண்டே போனது. நாற்காலிகளுக்கு இடம் வேண்டுமே. ஐந்தாம் நாள் நகராட்சியிலிருந்து ஒருவர் படிவத்தோடு வந்தார்.

"இறந்தவர் பேரு?"

"யாரும் சாவல சார். பியர்."

"வீட்டு ஓனர் பேரு?"

"தணிகாசலம்."

அவர் அதை எழுதிக்கொண்டார்.

"அது நான்தான் சார்."

"அவரத்தான் உள்ள வெச்சிருக்கீங்களே. நீங்க அவருக்கு என்ன வேணும்?"

தணிகாசலம் யோசித்தார். 'பக்கத்து வீடு' என்று எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார் நகராட்சிக்காரர்.

ஏழாம் நாள் காலை பதினொரு மணிக்குச் சாவுச் சேதி கேட்டு அண்ணன் வந்தார். வாசலிலிருந்து பெட்டிவரை நடக்க அவருக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அத்தனை நேரமும் தணிகாசலம் நின்றுகொண்டே இருந்தார். அண்ணனுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. தம்பியை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கண்ணாடிமேல் கையை வைத்தார்.

"டேய் தணிகா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா..."

குபுக்.

அண்ணன் கையை எடுத்துக்கொண்டார். "உசுரு இருக்கு. நான் முன்னாடியே வந்துட்டேன் போல." பையைத் தோளில் மாட்டினார்.

"அண்ணே, நான் இங்க இருக்கேண்ணே."

"நீங்க யாரு?"

"பக்கத்து வீடு" என்றார் தணிகாசலம். படிவத்தில் அப்படித்தான் இருந்தது.

"ஆனதும் சொல்லி அனுப்புங்க."

குளிரைக் கூட்டினால் ஈஸ்ட் அடங்கிவிடும். ஏழு நாளில் அடக்கினால் பியர் பாழ். பாழாய்ப் போகட்டும் என்று தணிகாசலம் பட்டனை அழுத்தினார். பதினைந்து. பெட்டி உறுமிக்கொண்டு ஓடியது. குபுக் நிமிடத்துக்கு ஒன்றானது. அண்ணன் பையை இறக்கி வைத்தார்.

"ரயில் ஏறிட்டேன்னு போன் பண்ணேன்ல..."

குபுக்.

பத்து. தணிகாசலத்தின் கால்விரல்கள் விறைத்தன. டீ கொண்டு வந்தவர் அவரைத் தாண்டி அடுத்த ஆளுக்கு நீட்டினார்.

"நான் ஏறவேயில்லடா. அப்பா மூஞ்சியப் பாக்க பயமா இருந்துச்சு. எடுத்தாச்சுன்னு சேதி வந்தப்புறம்தான் ஏறினேன். நீ பெட்டி வெச்சிருந்தாலும்..."

குபுக்.

அண்ணன் வாயை மூடிக்கொண்டார். தணிகாசலம் இரண்டுவரை இறக்கினார். கூடம் காத்திருந்தது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம். ஒன்றும் வரவில்லை. அம்சவேணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"பெட்டி வெச்சிருந்தாலும் நான் வந்திருக்க மாட்டேன்டா. உம்மேல தப்பு இல்லடா." அண்ணன் உடைந்து அழுதார்.

ஒன்பது வருடமாக நெஞ்சில் நின்றது தணிகாசலத்துக்கு அப்போதுதான் இறங்கியது. பரவாயில்லை அண்ணே என்று சொல்லப் பார்த்தார். உதடு பிரியவில்லை.

அண்ணன் கண்ணாடியில் காதை வைத்தார். "ஏதாச்சும் சொல்லுடா. ஒரு தடவ."

கருவியில் இரண்டு என்று இருந்தது. ஏற்றுகிற பட்டன் தணிகாசலத்தின் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. விரல் மடங்கவில்லை.