பூசைக் கருத்தில் என் பேர்

எங்கக்கா ஆலிஸுக்கு என் மேல உசிரு. அதுதான் தொல்லையே.

போன வருஷம் எனக்குப் படபடப்பு வர ஆரம்பிச்சப்போ அவகிட்ட மட்டும்தான் சொன்னேன். கிளாஸ்ல பாடம் நடத்திக்கிட்டு இருக்கும்போதே நெஞ்சு அடிச்சுக்கும், மூச்சு முட்டும், இதோ செத்தேன்னு தோணும். அடையாறு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனதும் அவதான். மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், "முதல் ரெண்டு வாரம் படபடப்பு கூடலாம், பயந்து நிறுத்திடாதீங்க"ன்னார். கூடத்தான் செஞ்சுச்சு. அந்த ரெண்டு வாரமும் ஆலிஸ் என் கையைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. அப்புறம் ஏழு மாசம், ஒரு தடவைகூட வரல. வர்ற ஜூன்ல பத்தாம் வகுப்பைத் தர்றேன்னு எங்க ஹெச்.எம். சிஸ்டர் சொல்லிட்டாங்க. பதினோரு வருஷமா நான் கேட்டுக்கிட்டிருந்த வகுப்பு.

"மாத்திரை விஷயம் ஸ்கூல்ல யாருக்கும் தெரிய வேணாம்க்கா"ன்னு சத்தியம் வாங்கினேன். "போடி லூசு, நான் சொல்வேனா?"ன்னா.

ஞாயித்துக்கிழமை. மயிலாப்பூர்ல எங்க பங்குக் கோயில்ல பூசை தொடங்குறதுக்கு முன்னாடி, இன்னிக்கு யார் யாருக்காக ஜெபம்னு பூசைக் கருத்தை மைக்ல வாசிப்பாங்க. செத்துப்போனவங்க, பொறந்த நாள், விசா கிடைக்கணும்னு வரிசையா வந்துச்சு. நான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கிட்டிருந்தேன்.

"ஜொவிட்டா டீச்சர் மனநோய் மாத்திரையிலிருந்து விடுதலை பெற வேண்டி, அவர் சகோதரி ஆலிஸ் குடும்பத்தார்."

கோயிலே திரும்பிப் பாத்துச்சு. முன் வரிசையில இருந்த ஹெச்.எம். சிஸ்டரும்தான். என் கிளாஸ் புள்ளைங்க ரெண்டு பேர் ஒருத்தியை ஒருத்தி இடிச்சுக்கிட்டாங்க. அய்யோ, நெஞ்சு அடிக்க ஆரம்பிச்சது. விரலெல்லாம் மரத்துப்போச்சு. எல்லாரும் பாக்கப் பாக்க பெஞ்சைப் புடிச்சுப் புடிச்சு வெளிய வந்து வாசப்படியில உக்காந்துட்டேன்.

ஆலிஸ் பின்னாலேயே ஓடியாந்து முதுகைத் தடவினா.

"சத்தியம் பண்ணியேக்கா!"

"ஆண்டவர்கிட்டதானே சொன்னேன்? எத்தனை நாளைக்குத்தான் அந்தக் கருமத்தை முழுங்குவ? இப்பப் பாரு, மாத்திரை போட்டும் வந்துடுச்சு. என்ன புண்ணியம்?"

அவ கையைத் தட்டிவிட்டேன். "ஏழு மாசமா வரலைக்கா. இன்னிக்கு நீதான் வரவச்ச."

அவ அழ ஆரம்பிச்சா. பூசை முடியுற வரைக்கும் ரெண்டு பேரும் வாசப்படியிலேயே உக்காந்திருந்தோம். வெளிய வந்த சிஸ்டர் என்னைப் பாக்கவே இல்ல. அவ தோளைத்தான் தொட்டாங்க.

"அழாதீங்க ஆலிஸ். ஜூன்ல ஜொவிட்டாவுக்கு எல்.கே.ஜி. கொடுத்துடலாம். டென்ஷன் இருக்காது."

கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "ரொம்ப தேங்க்ஸ் சிஸ்டர்"னா எங்கக்கா.