கேஸ் கொடுத்த அம்மா

எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். என் வீட்டுக்காரர் துலுக்கானம் நேர்மாறு. முதலாளி எதிரில் வாயே திறக்க மாட்டார். எண்பத்தெட்டில் அவர் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு இரும்பு ஏற்றும் மாட்டு வண்டி ஓட்டினார். வண்டியும் மாடும் நாகேந்திரன் என்பவருடையவை. மாடு மட்டும் எங்கள் கொட்டகையில் நிற்கும்.

கறுப்பு மாடு, காரி என்று கூப்பிடுவோம். அளவுக்கு மீறிய பாரத்தில் நுகத்தடி அழுத்தி அதன் கழுத்தெல்லாம் புண்.

"புண்ணு மேல வண்டி மைய அப்பிட்டு ஓட்டு. போலீசு கண்ணுக்குத் தெரியாது" என்பார் நாகேந்திரன். ஆஸ்பத்திரி என்று நான் வாயெடுத்தால், "இழுக்க முடியலன்னா சொல்லு, அடிமாட்டுக்கு அனுப்பிடறேன்" என்பார். அது முனகுவதைக் கேட்டால் எனக்குச் சோறு இறங்காது.

வீட்டுக்காரர் சேக்காட்டில் ஒரு காதுகுத்துக்குப் போன அன்று, யாருக்கும் சொல்லாமல் காரியை மாட்டாஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனேன். கம்பவுண்டர் லோகநாயகி அம்மா பஞ்சால் மையைத் துடைத்தார். உள்ளே புழு வைத்திருந்தது. டாக்டர் மருந்து போடும்போது, அந்த அம்மா கேட்டதற்கெல்லாம் உள்ளதைச் சொன்னேன்.

"இதுக்குக் கேஸ் குடுக்கணும்மா. குடுக்கட்டா?"

அங்கே வரும் மாட்டையெல்லாம் "அடுத்த கேஸ்" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கேஸ் என்றால் ஏதோ பெரிய வைத்தியம் போல என்று நினைத்தேன்.

"குடுங்கம்மா, நல்லா குடுங்க. புண்ணியமா போவும்."

மறுநாள் போலீஸ் வந்து என் வீட்டுக்காரரைக் கூட்டிப் போனது. நம்பிச் சொன்னதைப் போலீசில் போட்டுக்கொடுத்துவிட்டாரே என்று வழியெல்லாம் லோகநாயகி அம்மாவைத் திட்டிக்கொண்டே பின்னால் ஓடினேன்.

ஸ்டேஷனில் நாகேந்திரன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "ஓட்டறது இவன், மை தடவுனது இவன். எனக்கு இன்னா சார் தெரியும்?" என்றார். என் வீட்டுக்காரர் தலையைத் தொங்கப் போட்டு நின்றார். சப்-இன்ஸ்பெக்டர் எழுதிக்கொள்ள இவர் பெயரைக் கேட்டார். சாட்சி சொல்ல வந்திருந்த லோகநாயகி அம்மா, சண்டைக்குப் போன என் கையைப் பிடித்து முன்னால் நிறுத்தினார்.

"சார், மாட்டக் கொண்ணாந்ததே இந்த ராணிதான். இவங்க சொல்லித்தான் கேஸ் குடுத்தேன். இவங்களக் கேளுங்க."

அப்போதுதான் கேஸ் என்றால் என்னவென்று எனக்கு உறைத்தது. இனி என்ன பயம் என்று பாரம், மை, அடிமாடு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நான் முடித்ததும் என் வீட்டுக்காரர் தலை நிமிர்ந்தார்.

"அவ சொல்றது நெஜம் சார். தடவுனது நான்தான். தடவச் சொன்னது இவரு."

கோர்ட்டில் நாகேந்திரனுக்கு அபராதம் போட்டு மாட்டையும் பிடுங்கிக்கொண்டார்கள். என் வீட்டுக்காரரைக் குற்றவாளியாக்காமல் சாட்சியாக வைத்துக்கொண்டார்கள். மாட்டாஸ்பத்திரி வைத்தியத்தில் காரிக்குப் புண் ஆறியது. இவருக்கு அந்த வேலை போய், ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது.

முருங்கைக்காய் எடுத்துக்கொண்டு லோகநாயகி அம்மாவைப் பார்க்கப் போனேன்.

"கேஸ்னா வைத்தியம்னு நெனச்சிக்கினேம்மா."

"ஸ்டேஷன்ல உன் மூஞ்சியப் பாத்ததுமே தெரிஞ்சிது."

"அப்புறம் ஏம்மா நான் குடுக்கச் சொன்னேன்னு சொன்னீங்க?"

"உன் புருஷனத் தனியா மாட்டிவுடப் பாத்தான் அந்தாளு. நீ எங்க பக்கம் நின்னா அவரும் வந்துடுவாருன்னு தோணுச்சு. வந்துட்டாரு இல்ல?"

நான் அழுதுவிட்டேன். ஒரு முதலாளி எதிரில் என் வீட்டுக்காரர் குரலை நான் கேட்டது அன்று ஸ்டேஷனில்தான். அந்த அம்மா நன்றாக இருக்க வேண்டும்.