கட்டுமரத்தின் மேல் சாரங்கன்

டெல்லியிலிருந்து வந்த கனத்த உறையை, தேசிகன் பள்ளிக்கூடம் விட்டு வந்து காப்பி குடித்து முடிக்கும்வரை கோமளம் பிரிக்கவில்லை. அவர் ஓரத்தை நறுக்கிக் கவிழ்த்ததும் பதினோரு போட்டோக்கள் பாயில் விழுந்தன. விளிம்புகள் அலை அலையாக வெட்டப்பட்ட சின்னப் படங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் தேசிகனின் அண்ணா பட்டாபியின் மணியான கையெழுத்து. ‘ஐந்து ரதங்கள் முன்னால்’, ‘சௌந்தரவல்லியும் கோமளமும், கடற்கரைக் கோயில்’, ‘கட்டுமரத்தின் மேல் சாரங்கன்’. எல்லாவற்றிலும் ஒரே தேதி, 20-5-56.

கூடவே ஒரு கடிதம். தேசிகன் உரக்கப் படித்தார். “இதே மாதிரி ஜாம்ஷெட்பூர் அத்தைக்கும் பம்பாய் அத்திம்பேருக்கும் மைசூருக்கும் ஒவ்வொரு செட் அனுப்பியிருக்கிறேன். இந்த லீவு எங்களுக்கு மறக்க முடியாததாக அமைந்தது. அன்று சாயங்காலம் நடந்ததை நாங்கள் யாருக்கும் எழுதவில்லை, நீங்களும் எழுத வேண்டாம். பெரியவர்கள் வீணாகப் பயப்படுவார்கள். அந்த ஆள் நீந்தி வீட்டுக்குப் போய்விட்டான் என்று குழந்தையிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.”

அந்த ஆள் கட்டுமரத்துப் படத்தில் இருந்தான். பட்டாபியின் எட்டு வயசுப் பிள்ளை சாரங்கன் மரத்தின் மேல் உட்கார்ந்திருக்க, பின்னால் வாய் திறந்து சிரித்தபடி நின்றான். பட்டாபி அவனைத் தள்ளி நிற்கத்தான் சொன்னார். சாரங்கன் விழுந்துவிடுவேன் என்று பயந்து சிணுங்கியதால் அவன் நகரவில்லை.

படம் எடுத்து ஒரு மணி நேரம் கழித்து, கோயில் பக்கத்துப் பாறைகளுக்கருகே சாரங்கன் முழங்கால் தண்ணீரில் நின்று விளையாடினான். அலை திரும்பும்போது அவன் காலடி மணலும் கூடவே போயிற்று. சௌந்தரவல்லி மன்னி அலறினாள். பட்டாபி இடுப்பளவு தண்ணீர்வரை ஓடி, நீச்சல் தெரியாமல் அங்கேயே நின்றுவிட்டார். கழுத்தில் காமிரா தொங்கியது. கட்டுமரத்துக்காரன் கையிலிருந்த கயிற்றைப் போட்டுவிட்டு ஓடி வந்து பாய்ந்தான். குழந்தையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டே பாறைவரை வந்து சேர்ந்தான். மேலே நின்ற இரண்டு பேர் குழந்தையை வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பின்னால் வந்த அலை அவனைப் பாறையில் அடித்தது. ஒரு கை மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

சாரங்கன் வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தான். செங்கல்பட்டில் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று பட்டாபி அவசரப்படுத்தினார். ஐந்து மணி பஸ்ஸில் ஏறினார்கள். அவசரம் நியாயமானதுதான், குழந்தையின் உதடு நீலமாக இருந்தது. ஆனாலும் பஸ் திரும்பும்போது, குடிசைகளிலிருந்து ஒருத்தி அவிழ்ந்த தலையோடு கடலைப் பார்த்து ஓடியதைக் கோமளம் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பஸ்ஸில் ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நான்காம் நாள் டெல்லிக்காரர்கள் ரயிலேறினார்கள். தெருக்கோடியில் குடியிருந்த பஸ் கண்டக்டர் செங்கல்வராயன்தான் அதற்கப்புறம் சொன்னான். மூன்றாம் நாள் தேவநேரிப் பக்கம் உடல் ஒதுங்கியதாம். பெண்சாதி ஆதியம்மாளாம், இரண்டு பெண் குழந்தைகளாம். மாயவன் என்ற பெயரையே கோமளம் அவன் வாயால்தான் கேட்டாள்.

ஆவணிக்குள் உறவுக்காரர்களின் பதில்கள் வர ஆரம்பித்தன. படங்களைப் பார்த்தால் தாங்களும் கூட வந்த மாதிரி இருக்கிறது என்று பம்பாய் அத்திம்பேர் எழுதினார், அடுத்த வருஷம் தங்களையும் அழைத்துப் போக வேண்டுமாம். ஜாம்ஷெட்பூர் அத்தை கட்டுமரத்துப் படத்தைப் பெரிசு பண்ணிக் கூடத்தில் மாட்டிவிட்டாளாம். ‘பின்னால் நிற்கிறவன் என்ன அழகாகச் சிரிக்கிறான், அதுவே படத்துக்குக் களை’ என்று எழுதியிருந்தாள். கோமளம் அந்த வரியை இரண்டு தரம் படித்தாள். மைசூர் மாமி ஒரு கல்யாணத்துக்காக வந்து இவர்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கினாள். படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே, “சாரங்கன் அன்னிக்கு அலையில நீச்சல் கத்துண்டானாமே, பட்டாபி எழுதியிருந்தான்” என்றாள். தேசிகன் தலையை ஆட்டினார். கோமளம் வெற்றிலைத் தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

மாமி ஊருக்குப் போன மறுநாள் காலையில் கோமளம் அந்தப் படத்தை மட்டும் தனியே எடுத்தாள்.

“இதை அவன் ஆத்துக்காரிகிட்டக் கொண்டுபோய்க் கொடுக்கப்போறேன்.”

தேசிகன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். “எதுக்கு? ஆறின புண்ணைக் கிளறணுமா?”

“ஆறிடுத்துன்னு உங்களுக்கு யார் சொன்னா?”

அவர் கடைசிப் பொத்தான்வரை போட்டு முடித்தார். “அண்ணாவுக்குத் தெரிய வேண்டாம்” என்று மட்டும் சொன்னார்.

பஸ் பிடித்துக் கோமளம் போய்ச் சேர்ந்தபோது ஆதியம்மாள் குடிசைக்கு வெளியே மணலில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். கோமளத்தைவிடச் சின்னவள். கோமளம் தான் யார் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவளே கேட்டாள்.

“அன்னிக்கு பஸ்ஸேறிப் போனீங்களே, அவங்கதான?”

“ஆமாம்.”

உள்ளே வா என்று அவள் சொல்லவில்லை. கோமளம் வெயிலில் நின்றபடியே பையிலிருந்து படத்தை எடுத்து நீட்டினாள். ஆதியம்மாள் கையைப் புடவையில் துடைத்தாள், முகர்ந்து பார்த்தாள், மறுபடி துடைத்துவிட்டு வாங்கினாள்.

“அவர படத்துல பாத்ததே இல்ல” என்றாள். “இது எப்போ புடிச்சது?”

“அன்னிக்குத்தான். மூணு மணி இருக்கும்.”

“அப்போ அவருக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கீது.”

இரண்டு பெண் குழந்தைகளும் ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தன. சின்னது “நைனா” என்றது. பெரியது, “மரத்து மேல குந்திகினு கீறது யாரு?” என்று கேட்டது. ஆதியம்மாள் படத்தை அவர்களுக்கு எட்டாமல் உயர்த்திக்கொண்டாள்.

“இந்தப் புள்ளைய மட்டும் வெட்டி எடுத்துட முடியுமா?”

“முடியும். ஸ்டூடியோவில சொன்னா செஞ்சு தருவா. நான் பண்ணிக் கொண்டுவரேன்.”

கோமளம் கையை நீட்டினாள். ஆதியம்மாள் கொடுக்கப் போனவள், கண்ணருகே கொண்டுபோய் இன்னொரு தரம் பார்த்தாள்.

“வாணாம். அவரு கை அந்தப் புள்ள தோள் மேல கீது. வெட்டுனா கையும் பூடும்.”

காற்றில் கருவாட்டு நாற்றம் வந்து மோதியது. கோமளம் மூக்கை மூடிக்கொள்ளக் கூடாது என்று நினைத்துக்கொண்டாள்.

“அதுக்குத் தெரியுமா, இவரு போனது?”

“தெரியாது. சொல்லலை.”

“இன்னா சொல்லிகீறாங்கோ?”

பொய் சொல்லிவிடலாம் என்று கோமளத்துக்குத் தோன்றியது. “நீந்தி வீட்டுக்குப் போயிட்டார்னு.”

“வூட்டுக்கா” என்றாள் ஆதியம்மாள். திரும்பிக் குடிசையைப் பார்த்தாள். திறந்த வாசல், உள்ளே ஒரு பானை, சுருட்டிய பாய். பிறகு உட்கார்ந்து கருவாட்டைத் திருப்ப ஆரம்பித்தாள். படம் அவள் இடுப்பில் செருகியிருந்தது.

கோமளம் கொஞ்ச தூரம் நடந்ததும் பின்னாலிருந்து குரல் வந்தது. “யம்மா. அந்தப் புள்ளைக்கு அவரு பேரயாவது சொல்லு.”

மறுநாள் மத்தியானம் கோமளம் ஒரு கார்டை எடுத்து, சாரங்கனின் பெயரையே விலாசத்தில் எழுதினாள். சித்தப்பாவுக்கும் சித்திக்கும் வரும் கடிதங்களின் அடியில் கோணலாக நாலு வார்த்தை எழுதுவானே தவிர, டெல்லியில் படிக்கிற பிள்ளைக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும். அதனால் ஒவ்வொரு எழுத்தையும் பெரிதாக, தள்ளித் தள்ளி எழுதினாள். உன்னைக் கடலிலிருந்து தூக்கியவர் பெயர் மாயவன். அவர் வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள் இருக்கிறார்கள்.

வழக்கத்துக்கு முன்னாலேயே வந்துவிட்ட தேசிகன் அவள் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார்.

“கார்டிலயா எழுதறே? மன்னி கண்ணுல படுமே.”

“படட்டும்.”

“அப்புறம் அவா இந்தப் பக்கமே வர மாட்டா கோமளம். ஒரு கடுதாசுகூட வராது.”

அவள் நிமிரவில்லை. அவரும் கார்டைப் பிடுங்கவில்லை. குடையை மடக்காமலே கையில் வைத்துக்கொண்டு நின்றார். எழுத்துக்களைப் பெரிதாக எழுதியதில் கார்டு முக்கால்வாசி நிறைந்து, அடியில் ஒரே ஒரு வரிக்குத்தான் இடம் மிச்சமிருந்தது. கோமளம் பேனாவை மைக்கூட்டில் தொட்டு எடுத்தாள். அவர் வீடு திரும்பவில்லை என்பதைச் சொல்ல, எட்டு வயசுப் பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்கக்கூடிய வார்த்தைகளாக யோசித்துக்கொண்டிருந்தாள். நிப்பின் நுனியில் மை திரண்டு கனத்துக்கொண்டே வந்தது.