செனட் ஹவுஸில் மூன்று மணி நேரம்

மூன்றாம் தடவையாகப் பி.யு.சி. ஆங்கிலப் பரீட்சை எழுதப் பொன்னேரியில் ரயில் ஏறியபோது கங்கம்மாவும் கூட வந்தாள். அக்கா மகள், எனக்குக் கட்டி வைத்து ஒன்றரை வருஷம். இந்தத் தடவையும் கோட்டை விட்டால் ஏர் பிடிக்க வந்துவிட வேண்டும் என்று நைனா சொல்லியிருந்தார். தேறினால் பட்டணத்தில் குமாஸ்தா வேலை, திருநின்றவூரில் தனிக் குடித்தனம். பதினோரு பேருக்கு வடித்துக் கொட்டும் அடுப்படியிலிருந்து கங்காவுக்கு விடுதலை. இல்லாத அந்த வீட்டு ஜன்னலுக்கு அவள் திரைகூடத் தைத்து வைத்திருந்தாள். அறுபத்தேழாம் வருஷம், செப்டம்பர்.

பரீட்சை பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸில். ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முன்னால் வெள்ளைக்காரன் கட்ட ஆரம்பித்தது. மேலே மசூதி மாதிரிக் குவிமாடம், கீழே கோயில் மாதிரிச் செதுக்கிய தூண், நடுவில் மாதாகோயில் மாதிரி வண்ணக் கண்ணாடி. யாரையும் பகைத்துக்கொள்ள வேண்டாம் என்று நினைத்தானோ என்னவோ! அதற்குமுன் இரண்டு தடவை அந்தக் கூரையின் கீழ் உட்கார்ந்திருக்கிறேன். மேஜையில் யாரோ கீறி வைத்த பெயரைத் தவிர வேறெதையும் நான் பார்த்ததில்லை.

கேள்வித்தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். உருப்போட்ட கட்டுரைகளில் ஒன்றுகூட வரவில்லை. அரை மணி கழிந்தால்தான் வெளியே விடுவார்கள். மணி அடித்ததும் பாதிக்கு மேல் வெற்றுத்தாளாகவே கொடுத்துவிட்டுப் பக்கவாட்டு வராந்தாவுக்கு வந்தேன். கங்காவிடம் எந்த முகத்தோடு சொல்வது?

அவள் வராந்தாவின் கோடியில் இருந்தாள். சோற்றுத் தூக்கைத் தரையில் வைத்துவிட்டு, தூணின் உச்சியில் செதுக்கியிருந்த உருவங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கல்லைத் தடவினாள். திறந்திருந்த கதவு வழியாக உள்ளே எட்டி, சுவரில் சிவப்பும் நீலமுமாக விழுந்திருந்த வெயிலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தை அப்படி நான் கண்டதில்லை. போய்ச் சொல்ல மனசு வரவில்லை. ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். இரண்டரை மணி நேரம். அவள் பார்த்ததையெல்லாம் நானும் பார்த்தேன். இன்றைக்கும் கடற்கரைச் சாலையில் பஸ் திரும்பும்போது அந்தக் கட்டடத்தை அவள் பார்த்த வரிசையில்தான் பார்க்கிறேன்.

கடைசி மணி அடித்ததும் கூட்டத்தோடு கலந்து, அப்போதுதான் எழுதி முடித்தவன்போல அவளிடம் வந்தேன். அவள் படியில் உட்கார்ந்து தூக்கைத் திறந்தாள்.

"மாமா, நீ மொத மணிக்கே வந்துட்ட. தூணாண்ட நின்னுகினு இருந்தத பாத்தேன்."

"அப்ப ஏன் கூப்புடல?" என்றேன்.

"கூப்ட்டா ஊட்டுக்குப் போலாம்னுவ. இனிமே நான் எப்ப மாமா இத்தல்லாம் பாக்கப் போறேன்?"

புளிச்சோற்றை உருட்டி என் கையில் வைத்தாள். எனக்குக் கண் கலங்கியதை அவள் கவனிக்கவில்லை. மறுபடி அண்ணாந்திருந்தாள். மேலே குவிமாடத்தைச் சுற்றி இருந்த சின்னச் சின்ன ஜன்னல்களைச் சோற்றுக் கையால் ஒவ்வொன்றாகச் சுட்டி எண்ணிக்கொண்டிருந்தாள்.