குழாயில் போவது என்ன

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது நான் ஒட்டுக்கேட்ட கதை. தாம்பரத்தில் ஏறிய மின்ரயிலில் எதிரே ஒரு பெண் போனில் பேசிக்கொண்டு வந்தாள். பெயர் தெரியாது, கோகிலவாணி என்று வைத்துக்கொண்டேன். கேட்டது பாதி, மீதி நானே இட்டு நிரப்பியது.

2

முதல் தொடக்கம்: திருநீர்மலைக்கு மேல் மேகம் கறுத்திருந்த அந்த…

வேண்டாம். ஒரு மனுஷனுக்குக் கண் போயிருக்கிறது, எனக்கு மேகம் ஒரு கேடா?

இரண்டாவது: கோகிலவாணி சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் இன்ஜினியர். தொழிற்சாலைக் குழாய்கள் சூட்டில் நீளும். அந்த நீட்சியைத் தாங்க இடையில் பொருத்தும் மடிப்புக் குழாய்களை அங்கே செய்கிறார்கள். மடிப்புக்கு உள்ளே லைனர் என்று ஓர் உறை உண்டு. குழாயில் என்ன போகிறதோ அதற்கேற்ற லைனரைத் தேர்ந்தெடுப்பது அவள் வேலை. தண்ணீருக்கு எவர்சில்வர் போதும். அமிலத்துக்கு டெஃப்லான்.

(ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றுதான் எழுத வேண்டும். எங்கள் வீட்டில் எவர்சில்வர்தான்.)

3

ஒரு ஆர்டர் படிவத்தில் 'குழாயில் போவது' என்ற கட்டம் காலியாக வந்தது. அப்படி வந்தால் அதே வாடிக்கையாளரின் பழைய ஆர்டரைப் பார்த்து நிரப்பிவிடுவது அங்கே வழக்கம். பழையது தண்ணீர்க் குழாய். அவளும் 'தண்ணீர்' என்று எழுதி, எவர்சில்வர் லைனர் போட்டு அனுப்பினாள். உள்ளே போனதோ அமிலம். மூன்றாம் மாதம் லைனரும் மடிப்பும் அரித்துப்போய், அந்தத் தொழிற்சாலையில் அதை மாட்டியவரும் அப்போது கீழே நின்றிருந்தவருமான ஃபிட்டர் எட்மண்டின் முகத்தில் அமிலம் பீய்ச்சியடித்தது. இரண்டு கண்ணும் போய்விட்டது.

அவளை வில்லியாக்கிப் பார்த்தேன், ஒட்டவில்லை. போன் பண்ணிக் கேட்டிருந்தால் இரண்டு நிமிஷம். கேட்கவில்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

4

பெருங்களத்தூர் தாண்டும்போது முதலாளி சுப்ரமணியன் கூப்பிட்டார்.

"இன்னிக்கு விசாரணைக்கு வராங்கம்மா. அந்த ஃபார்ம் கஸ்டமர் கிட்டேர்ந்தே 'தண்ணீர்'னு எழுதித்தான் வந்ததுன்னு சொல்லிடு. ஃபிட்டர் தப்பா மாட்டிட்டான்னு அவங்களே ரிப்போர்ட் எழுதிட்டாங்க. நீ ஏன் குழப்பற?"

"சரி சார்."

(அவள் சரி சொல்லாமல் இருந்திருந்தால் எழுதுகிறவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.)

ஊரப்பாக்கத்தில் இன்னொரு அழைப்பு. எதிர் இருக்கையிலிருந்த எனக்கே குரல் கேட்டது.

"மேடம், நான் தபீதாள். எட்மண்ட் சம்சாரம். ஸ்டோர்ஸ்ல உங்க நம்பர் குடுத்தாங்க. இவரு தப்பா மாட்டிட்டாருன்னு எழுதிக்கீறாங்க. இருபது வருஷமா இதே வேலதான் மேடம் பண்றாரு. இவரு மாட்டுனது தப்பா, நீங்க அனுப்புன பீஸு தப்பா? அத்த மட்டும் சொல்லுங்க. ஸ்பீக்கர்ல போட்டுக்கீறேன். அவரும் கேட்டுக்கினு கீறாரு."

5

முடிவு ஒன்று: "என் தப்புதான் அக்கா" என்கிறாள். வேலை போகிறது. படிப்பவர் மனம் நிறைகிறது.

முடிவு இரண்டு: சிக்னல் சரியில்லை என்று சொல்லிப் போனை…

இரண்டையும் அடித்துவிட்டேன்.

ரயில் கூடுவாஞ்சேரியில் நின்றது. அவள் வாயைத் திறந்தாள். எனக்கு அந்த ஊரில் ஒரு வேலையும் இல்லை, செங்கல்பட்டு வரை டிக்கெட் இருந்தது. அவள் சொல்லப்போவது காதில் விழுந்துவிடுமோ என்று பயந்து இறங்கிவிட்டேன்.

நீங்கள் இன்னும் பெட்டிக்குள்தான் இருக்கிறீர்கள். எட்மண்ட் காத்துக்கொண்டிருக்கிறார்.