எர்னஸ்ட்டைக் கொன்ற கறுப்பு டை

கப்பல் சுற்றுலாவுக்குப் பெட்டி கட்டும்போதே முரியல் புருஷனிடம் கேட்டாள். "கப்பல்காரன் அனுப்பின தாளைப் பாத்தியா நெவில்? விருந்து ராத்திரிக்கு ஆம்பளைங்க என்ன போடணும்னு தனியா எழுதியிருக்கான்."

"பாத்தேன், பாத்தேன். கறுப்பு டைன்னு போட்டிருக்கான். எங்கிட்ட இருக்கு."

இருந்தது உண்மைதான். கிரிம்ஸ்பி மீன் துறையில் பெட்டி சுமந்து முதுகு வளைந்த எந்தக் கிழவனிடமும் ஒரு கறுப்பு டை இருக்கும். கூட வேலை பார்த்தவன் ஒவ்வொருத்தனாகப் போய்க்கொண்டிருந்தால் அந்த டைக்கு ஓய்வு ஏது? நெவில் டக்கரின் டை அவனுடைய கறுப்புக் கோட்டுப் பைக்குள்ளேயே சுருண்டு கிடந்தது. கடைசியாகப் போன சாவு வீட்டில் கொடுத்த பன்றிக்கறி ரொட்டியின் கடுகு வாசம் இன்னும் அதை விட்டுப் போகவில்லை.

டை விஷயம் அதோடு முடிந்தது. மிச்சப் பெட்டியை நெவில் தனக்குத் தோன்றியபடி நிரப்பினான். கப்பல் தேநீரை நம்ப முடியாது என்று சொந்தத் தேயிலை. கப்பல் தலையணையில் எவன் எவன் தலை வைத்தானோ என்று சொந்தத் தலையணை. அறைக் கதவுக்கு ஒரு பூட்டு. கவிழ்ந்தால் உதவும் என்று ஒரு சுருள் கயிறு.

முரியல் தன் பெட்டியில் ஒரு நீலப் பட்டு உடையையும் வெள்ளி நிறச் செருப்பையும் வைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டது ஒன்றே ஒன்று. பெரிய கூடம், நிஜமான வாத்தியக்காரர்கள், புருஷனோடு கைகோத்துச் சுழன்று ஒரு வால்ட்ஸ் ஆட்டம். எந்தக் கல்யாண வீட்டிலும் பாட்டு ஆரம்பித்ததும் நெவிலுக்கு முழங்கால் வலி வந்துவிடும். அதே முழங்காலை வைத்துக்கொண்டு கால்பந்து மைதானத்தில் உச்சிப் படி வரைக்கும் ஏறுவான்.

"இந்தத் தடவை முழங்காலைக் கரையிலேயே விட்டுட்டு வா. ஒரே ஒரு ஆட்டம். அதுவும் இல்லேன்னா நான் எதுக்குக் கப்பல் ஏறணும்? தண்ணியைப் பாக்கவா? தண்ணி நம்ம ஊர்லயே கிடக்கு."

சரி என்று தலையை ஆட்டி வைத்தான்.

சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில் கப்பல் ஏறிய மறுநாளே விருந்து ராத்திரி. குளியலறையிலிருந்து நீல உடையில் வெளியே வந்த முரியல், கண்ணாடி முன்னால் நின்ற புருஷனைப் பார்த்தாள். கறுப்புக் கோட்டு. தொப்புள் வரைக்கும் தொங்கும் கறுப்பு டை.

"யாரு செத்தது?"

"யாரும் சாகல. கறுப்பு டை. தாள்ல போட்டபடி."

"அடக் கடவுளே. கறுப்பு டைன்னா இது இல்லய்யா! பட்டுக் காலர் வச்ச கோட்டு, முன்னாடி மடிப்பு மடிப்பா வெள்ளைச் சட்டை, கழுத்துல பட்டாம்பூச்சி மாதிரி ஒரு முடிச்சு. அது மொத்தத்துக்கும் சேர்த்துத்தான் பேரு கறுப்பு டை."

"அப்ப கோட்டு, சட்டை, பூச்சின்னு எழுதித் தொலைக்க வேண்டியதுதானே? எழுத மாட்டான். நாம தப்பாக் கொண்டு வரணும், அவன் கீழே கடையில வாடகைக்கு விடணும். அதான் திட்டம்."

திட்டக்காரன் கடைக்கே போய்ப் பார்த்தார்கள். நெவிலைப் போல நிறையப் பேர் இருந்திருக்க வேண்டும், எல்லாம் போய்விட்டது. மிஞ்சியிருந்த ஒரே கோட்டில் அவனுடைய ஒரு கைதான் நுழைந்தது.

"பாத்தியா, அளவுலயும் ஏமாத்து."

அந்த உடுப்பு இல்லாத ஆம்பளைக்கு இன்றைக்குப் பெரிய கூடத்தில் இடமில்லை. மேல்தளத்தில் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிற சாப்பாடுதான். அங்கே பாட்டு கிடையாது. ஆனாலும் கூடத்து வாசல் வரைக்கும் போய்ப் பார்ப்போம் என்று முரியல் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

வாசலில் டுவார்ட்டே என்கிற போர்த்துக்கீசியத் தலைமைப் பரிசாரகன் ஒவ்வொரு ஆம்பளையின் கழுத்தாகப் பார்த்து உள்ளே விட்டுக்கொண்டிருந்தான். நெவிலின் கழுத்தைப் பார்த்தான். தொங்கிய டையையும் பார்த்தான். அவன் முகம் மாறியது, குரல் இறங்கியது.

"ஐயா, மன்னிக்கணும். நெருங்கின சொந்தமா?"

நெவில் அவனை ஏற இறங்கப் பார்த்தான். முதலில் ஏதோ சூழ்ச்சி என்றுதான் நினைத்தான். பிறகுதான் புரிந்தது. புரிந்த வேகத்தில் இன்னொன்றும் புரிந்தது. துக்கக்காரனை யாரும் வெளியே தள்ள மாட்டார்கள். துக்கக்காரனை யாரும் ஆடக் கூப்பிடவும் மாட்டார்கள்.

"தம்பி," என்றான். "எர்னஸ்ட்."

ஹல் நகரத்தில் எர்னஸ்ட் உயிரோடு கல்லுக்குண்டு மாதிரி இருந்தான். நெவிலின் ஏணியை இரவல் வாங்கி, உடைத்து, உடைந்ததைச் சொல்லாமல் கொண்டுவந்து சாத்திவிட்டுப் போனவன். அதற்கப்புறம் பேச்சுவார்த்தை இல்லை.

டுவார்ட்டே அவர்களைப் பூப்போல நடத்திக்கொண்டு போய் உட்காரவைத்தான். அதே மேசையில் லயனல் என்கிற ஓய்வுபெற்ற பல் வைத்தியரும் அவருடைய மனைவி டாஃப்னியும் இருந்தார்கள். லயனல் கழுத்தில் பட்டாம்பூச்சி, சட்டையில் மடிப்பு, எல்லாம் தாளில் எழுதாதபடி ஒழுங்காக இருந்தது.

டாஃப்னி நெவிலின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எப்படிங்க போனாரு உங்க தம்பி?"

"ஏணியிலேருந்து விழுந்து."

"ஐயோ பாவம்!"

"என் ஏணி," என்றான் நெவில்.

முரியலுக்குச் சூப் புரையேறியது. துயரம் தாங்கவில்லை என்று டாஃப்னி அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

மாட்டிறைச்சி வந்தபோது வாத்தியங்கள் ஆரம்பித்தன. லயனல் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு எழுந்தவர், நெவிலின் டையைப் பார்த்துக் கூச்சப்பட்டு மறுபடி உட்கார்ந்தார். "நீங்க இன்னைக்கு எங்க ஆடப்போறீங்க?" என்றார்.

"மனசு வரலைங்க," என்று நெவில் தலையைக் குனிந்தான். குனிந்ததில் மேசை விரிப்புக்குக் கீழே முரியலின் வெள்ளிச் செருப்பு தெரிந்தது. பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தது. அவன் சொன்னது காதில் விழுந்ததும் நின்றுவிட்டது. வாயிலிருந்த கறித்துண்டை அவனால் விழுங்க முடியவில்லை. கப்பல்காரன் சரியாக வேகவைக்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

முரியல் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். கைக்குட்டையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"எர்னஸ்ட் கடைசியாக் கேட்டதை இவங்ககிட்டச் சொல்லலையே நெவில்?"

"அவன் எங்க கேட்டான்? விழுந்தான், போயிட்டான்."

"ஆஸ்பத்திரியில ஒரு தடவை கண்ணைத் தொறந்தாரே. உன் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாரே. 'அண்ணே, எனக்காக அழாதே. கப்பல்ல அண்ணிகூட ஒரு வால்ட்ஸ் ஆடு. அதுக்கப்புறம்தான் என் ஏணிப் பாவம் தீரும்'னு."

நெவில் அவளை முறைத்தான். கைக்குட்டைக்கு மேலே இரண்டு கண்ணும் பளபளவென்று இருந்தன, ஒரு சொட்டு ஈரமில்லை.

டாஃப்னிதான் நிஜமாகவே அழுதாள். லயனல் விறுவிறுவென்று நடந்துபோய் வாத்தியக்காரர்களின் தலைவன் காதில் ஏதோ சொன்னார். பாட்டு நின்றது. தலைவன் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, காலமான எர்னஸ்ட் டக்கரின் கடைசி ஆசைக்காக இந்த வால்ட்ஸ் என்று அறிவித்தான். கூடம் முழுக்க எழுந்து நின்றது.

"உடைச்ச ஏணி போதாதுன்னு இது வேற," என்று பல்லைக் கடித்துக்கொண்டு நெவில் எழுந்தான்.

அத்தனை பேரும் ஒதுங்கி நடுவில் இடம் விட்டார்கள். நெவில் முதல் சுற்றிலேயே வெள்ளிச் செருப்பை மிதித்தான். இரண்டாவது சுற்றில் டை பறந்து முரியலின் தோளில் விழுந்தது. மூன்றாவதில் மிதிக்கவில்லை. முரியல் பாட்டோடு சேர்ந்து மெல்ல முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். இவள் இப்படி முணுமுணுத்து அவன் எப்போது கேட்டான் என்று யோசித்தான், ஞாபகம் வரவில்லை.

"முழங்கால் எப்படி இருக்கு?" என்றாள்.

"நீ கேக்கற வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. செத்தவன் பேர்ல பொய் சொல்றியே, வெக்கமா இல்ல?"

"உயிரோட இருக்கறவனைச் சாகடிச்சது யாரு?"

பாட்டு முடிந்தது. கைதட்டினார்கள். வாசலில் டுவார்ட்டே மூக்கைச் சிந்தினான். நெவில் அவள் கையை விடவில்லை.

"இன்னொண்ணு போடச் சொல்லேன்," என்றான்.

"ஒரு சாவுக்கு ஒரு ஆட்டம்தான்யா. சனங்க என்ன நினைப்பாங்க? வியாழக்கிழமை மறுபடியும் கறுப்பு டை ராத்திரி இருக்கு, பாத்துக்கலாம்."

நெவில் டையை நேராக இழுத்துவிட்டுக்கொண்டான்.

"உங்கக்கா டோரிஸுக்கு இப்ப உடம்பு எப்படி இருக்கு?" என்றான்.