முதுகு மட்டும்

மூன்றாவது பொத்தான்தான் படுத்தியது. தம்பிக்காரன் ஹாலில் போட்டிருந்த கட்டிலின் ஓரத்தில் ஒற்றை முழங்காலை ஊன்றி, அண்ணனின் நெஞ்சின் மேல் குனிந்து, அதை நகத்தால் நெம்பிப் பார்த்தான். காலையிலிருந்து அழாதவனுக்கு ஒரு பொத்தானுக்காக அழுகை வந்துவிடும்போல் இருந்தது. அதுவும் ஆத்திரத்தில்.

"நான் வேணா பாக்கட்டுமா சார்?" என்றார் வாசலில் நின்ற காஸ்ட்யூமர். கழுத்தில் அளவு நாடா, கையில் சட்டையை வாங்கிக்கொள்ள ஒரு துணிப்பை. உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் ஒரு காலை மட்டும் நிலைப்படிக்கு இந்தப் பக்கம் வைத்திருந்தார்.

"வாங்க. வந்து நீங்களே உருவிக்கிட்டுப் போங்க."

அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. அண்ணனின் முகத்தைப் பார்த்து ஒருமுறை கும்பிட்டுவிட்டு, பொத்தானை இரண்டு விரலால் ஒரு திருகு திருகினார். கழன்றது. அண்ணனின் கைகள்தான் மடங்க மறுத்தன. "தலைய லேசா தூக்குங்க சார், கிழியாம எடுத்துடலாம்," என்றார். எத்தனையோ பேருக்குச் சட்டை மாட்டிக் கழற்றிய கை. அண்ணனுக்கு வலிக்குமோ என்பதுபோல் மெதுவாக இழுத்தார்.

சட்டை சினிமா கம்பெனியுடையது. வெளிர்பச்சை, பையில் மைக்கறை, ஒரு ஆபீஸ் குமாஸ்தாவின் சட்டை. படப்பிடிப்பு முடிந்ததும் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்திருக்க வேண்டும். அண்ணன் அதைப் போட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்துவிட்டான். ஒரு ராத்திரி கூடவே இருந்தால்தான் அது நம்ம சட்டை ஆகும் என்பது நடிப்புப் பள்ளியில் அவன் படித்த பாடம். விடிகாலையில் அண்ணி ஹாலுக்கு வந்தபோது அதே சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கூப்பிட்டால் திரும்பவில்லை. டாக்டர் வந்து மாரடைப்பு என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போனார். நாற்பத்து நாலு வயது.

எட்டு மணிக்கு அண்ணனின் போன் அடித்தது. சட்டையைக் கேட்டு இந்தக் காஸ்ட்யூமர்தான் கூப்பிட்டிருந்தார். அண்ணி எடுத்துச் செய்தியைச் சொல்லிவிட்டு, போனைப் பழையபடி ஜன்னல் ஓரத்தில் சார்ஜில் போட்டாள். இருபது வருடமாக அந்த வீட்டில் அந்த போன் அணைந்ததே இல்லை. குளிக்கப் போனாலும் அண்ணன் அதை யார் கையிலாவது கொடுத்துவிட்டுத்தான் போவான். "அடிச்சா உடனே எடுங்க, கம்பெனியா இருக்கும்." பெரும்பாலும் சிலிண்டர்காரனாக இருக்கும்.

சுவரில் சான்றிதழ் மாட்டியிருந்தது. மூன்று வருடப் படிப்பு, முதல் வகுப்பு. அதை வைத்துக்கொண்டு அண்ணன் திரையில் செய்ததெல்லாம் தம்பிக்காரனுக்கு மனப்பாடம். ஒரு விளம்பரத்தில் டீ டம்ளரைப் பிடித்த கை. ஒரு கல்யாணக் காட்சியில் நாலாவது வரிசையில் பாதித் தலை. ஒரு படத்தில் டாக்டராக வந்து வாயைத் திறந்தான், தியேட்டரில் பார்த்தால் திறந்த வாயோடு வெட்டியிருந்தார்கள். மற்ற நாளெல்லாம் கூரியர் ஆபீஸில் பார்சலுக்கு முத்திரை குத்தினான். அண்ணனோடு கூடப் போன ஒரு நண்பன், சும்மா வேடிக்கை பார்க்கப் போனவன், முகவெட்டு நன்றாக இருக்கிறதென்று இழுத்து நிறுத்தப்பட்டு இன்றைக்கு போஸ்டரில் நிற்கிறான். அண்ணனுக்கு அதில்கூடப் பொறாமை வந்ததில்லை. வரவேண்டிய பொறாமை எல்லாம் தம்பிக்காரனுக்குத்தான் வந்தது.

நேற்றுத்தான் முதல்முறையாக முழுசாக ஒரு காட்சி. இரண்டு வசனம். கதாநாயகியின் அப்பாவிடம் கெட்ட சேதி சொல்ல வரும் குமாஸ்தா.

காஸ்ட்யூமர் சட்டையை மடித்துப் பையில் வைத்தார். போகவில்லை.

"இன்னொரு விஷயம் சார். எப்படிக் கேக்கிறதுன்னு தெரியல."

"அதான் எடுத்தாச்சே. இன்னும் என்ன? பேன்ட்டா?"

"இல்ல சார். நேத்து அண்ணனோட முகம் எல்லாம் எடுத்தாச்சு. வசனமும் முடிஞ்சுது. பின்னாலேருந்து நடந்து போய் மேஜைகிட்ட நிக்கிற ஷாட் மட்டும் பாக்கி. ஷூட்டிங் நடக்கிற வீடு இன்னைக்கு ரெண்டு மணி வரைக்கும்தான் நமக்கு. அந்த ஷாட் இல்லன்னா நாளைக்கு வேற எடத்துல, வேற ஆள வச்சு முழுசா திருப்பி எடுத்துடுவாங்க." அவர் கண் தம்பிக்காரனின் தோளில் போய் நின்றது. "உங்க தோளு அப்படியே அண்ணன் தோளு சார்."

தம்பிக்காரனுக்கு உச்சந்தலைக்கு ஏறியது. "செத்தும் விடமாட்டீங்களாய்யா? இருபது வருஷம் வாசல்ல நிக்க வச்சீங்க, இன்னைக்கு வீடு தேடி வந்து முதுகு கேக்கிறீங்க. நான் வாஷிங் மிஷின் ஏத்தி எறக்குற வேன் ஓட்டுறவன். எனக்கு உங்க எழவு எதுவும் தெரியாது."

"சித்தப்பா எங்கயும் வரமாட்டாரு," என்றாள் அண்ணன் மகள், அழுது வீங்கிய முகத்தோடு.

அண்ணி அதுவரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "வேற ஆள வச்சு எடுத்தா, இவரு நடிச்சது என்ன ஆகும்?" என்று கேட்டாள்.

காஸ்ட்யூமர் பையின் வாரைச் சரிசெய்தார்.

"போயிட்டு வாங்க தம்பி."

"அண்ணி, இன்னைக்கா?"

"மூணு மணிக்குத்தானே கொண்டு போறோம். முகம் அவருது இருக்கட்டும். முதுகு மட்டும்தானே கேக்கிறாங்க."

படப்பிடிப்பு வீட்டில் சட்டையை நீராவி இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக் கொடுத்தார்கள். போட்டபோது சுடச்சுட இருந்தது. அந்தச் சூடு தம்பிக்காரனுக்குப் பிடிக்கவே இல்லை. அசோசியேட் என்று ஒரு தாடிக்காரர், டைரக்டருக்கு அடுத்த ஆளாம், தன் போனில் நேற்றைய படத்தைக் காட்டினார். பேனா எந்தப் பக்கம், கைமடிப்பு எத்தனை சுற்று என்று பார்ப்பதற்காக எடுத்த படம். அதில் அண்ணன் இடுப்பில் ஃபைலை இடுக்கிக்கொண்டு பல் தெரியச் சிரித்தான். தம்பிக்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இங்கேருந்து நடக்கிறீங்க. அதோ தரையில டேப் ஒட்டியிருக்குல்ல, அதுல நிக்கிறீங்க. அவ்ளோதான் சார்."

அவ்வளவுதானா என்று நடந்தான். பாதியில் டேப் எங்கே என்று குனிந்து பார்த்தான். "கட்" என்றார்கள். இரண்டாவது தடவை குனியவில்லை, இரண்டு அடி முன்னாலேயே நின்றுவிட்டான். மூன்றாவதில் தாண்டிப் போய் விளக்குக் கம்பத்தில் இடித்துக்கொண்டான். ஐந்தாவதில் மறுபடி குனிந்தான். உள் அறையிலிருந்து டைரக்டரின் குரல் கேட்டது: "அவரு என்னத்தத் தேடுறாரு?" யாரோ சிரித்தார்கள். மணி பன்னிரண்டரை. வீட்டில் ஆள்கள் வர ஆரம்பித்திருப்பார்கள். வெளிர்பச்சைச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. நடக்கத் தெரியவில்லையே, நாற்பது வருடமாக நடக்கிற காலுக்கு நடக்கத் தெரியவில்லையே என்று அவனுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

அண்ணன் வீட்டு ஹாலிலும் ஒரு டேப் உண்டு. வாசல் கதவுக்குப் பக்கத்தில், சிவப்பு, பெருக்கல் குறி மாதிரி. வருடத்துக்கொரு முறை பழையது தேய்ந்ததும் புதியதை ஒட்டுவான். சமையலறைக் கதவிலிருந்து அதுவரை ஏழு அடி. தினமும் காலையில் பல் தேய்த்தானோ இல்லையோ, அதில் நடப்பான். போன மாதம்கூட, தம்பிக்காரன் பழைய ஃப்ரிட்ஜை நகர்த்த வந்தபோது குறுக்கே நடந்துகொண்டிருந்தான். "நடக்கிறதுக்கு மூணு வருஷம் படிச்சவன் உலகத்துலயே நீ ஒருத்தன்தான்," என்று கத்தினான் தம்பிக்காரன். "உன்கூட வேடிக்கை பாக்க வந்தவன் போஸ்டர்ல நிக்கிறான், நீ இன்னும் ஹால்ல நடந்துட்டிருக்க."

அண்ணன் கோபப்படவில்லை. "நடக்கிறதுதாண்டா கஷ்டம். இங்க பாரு. முதல்ல டேப்ல போய் நில்லு. அங்கேருந்து பொறப்பட்ட எடத்துக்கு எண்ணிக்கிட்டே திரும்பி நட. வரும்போது அதே கணக்கு, அதே காலு. கீழ பாக்கக் கூடாது. பாத்தா, சில்லறையத் தொலைச்சவன் மாதிரி ஆயிடும்." பிறகு நடந்து காட்டினான். "கெட்ட சேதி சொல்லப் போறவன் வேகமா போகமாட்டான். கடைசி ரெண்டு அடி தானா சின்னதாயிடும், பாத்தியா?"

தம்பிக்காரன் எங்கே பார்த்தான். ஃப்ரிட்ஜைத் தூக்குவதில் இருந்தான்.

இப்போது போய் டேப்பின் மேல் நின்றான். திரும்பிப் புறப்பட்ட இடத்துக்கு எண்ணிக்கொண்டே நடந்தான். பதினொன்று. "ரெடியா சார்?" என்றார் அசோசியேட். தலையாட்டினான். ஃபைலை இடுப்பில் இடுக்கினான். எட்டு, ஒன்பது. கடைசி இரண்டு அடியைச் சின்னதாக்கினான். நின்றான். உள் அறையிலிருந்து, "ஓகே. பிரமாதம்," என்று கேட்டது.

அசோசியேட் ஓடிவந்து கையைப் பிடித்தார். "சார், எங்கயாவது நடிப்புப் படிச்சிருக்கீங்களா?"

"இல்ல."

"அதான் சார். படிச்சிட்டு வர்றவங்ககிட்ட இது வராது. நடிக்கிறாங்கன்னு தெரிஞ்சிடும். உங்களுக்கு இயல்பா வருது. அண்ணனத் தப்பா சொல்லல..."

தம்பிக்காரன் அந்தத் தாடியையே பார்த்தான். அதைப் பிடித்து இழுத்து, சமையலறைக் கதவிலிருந்து வாசல் வரை ஏழு அடி நடக்க வைக்க வேண்டும் போலிருந்தது. "அண்ணன் சொல்லிக் குடுத்ததுதான் இது," என்றான். குரல் பாதிதான் வந்தது. அசோசியேட்டின் காதில் யாரோ எதையோ சொல்ல, அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பேசிவிட்டு வந்தார்.

"என்ன சார் சொன்னீங்க?"

"ஒண்ணுமில்ல."

"அடுத்த வாரம் ஒரு லாரி டிரைவர் வேஷம் இருக்கு. நாலு சீன், நல்ல வசனம். டைரக்டரே கேக்கிறாரு. நம்பர் சொல்லுங்க, மேனேஜர் இன்னைக்கே கூப்பிடுவாரு."

நாலு சீன். தம்பிக்காரன் அண்ணனின் நம்பரைச் சொன்னான். தெரிந்தேதான் சொன்னான். இருபது வருடமாக அந்த நம்பரைக் கேட்க யாரும் வரவில்லை, இன்றைக்காவது ஒருத்தன் எழுதிக்கொள்ளட்டும் என்று ஒவ்வொரு எண்ணாக நிறுத்திச் சொன்னான். பின்பு சட்டையைக் கழற்றிக் காஸ்ட்யூமரிடம் கொடுத்தான். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டே முக்கால். வாசலில் வண்டி தயாராக நின்றது. ஹாலில் நாற்காலிகளை எல்லாம் எடுத்துவிட்டிருந்தார்கள். அண்ணனுக்கு அவனுடைய சொந்த வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார்கள். அண்ணி தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"எடுத்தாச்சு அண்ணி. முகம் இருக்கும்."

அவள் சரி என்பதுபோல் தலையை அசைத்தாள். அதற்கு மேல் அவனால் அங்கே நிற்க முடியவில்லை. தலைமாட்டுப் பக்கம், சமையலறைக் கதவுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டான். அவனோடு சேர்த்து நாலு பேர் குனிந்தார்கள். யாரோ, "மெதுவா, மெதுவா," என்றார்கள். தூக்கினார்கள்.

அப்போதுதான் ஜன்னல் ஓரத்தில் போன் அடித்தது.

ஹாலே அசையாமல் நின்றது. முழுச் சத்தத்தில் வைத்திருந்த போன். அண்ணன் மகள் அதைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

"எடுடி," என்றாள் அண்ணி, கண்ணைத் துடைத்துக்கொண்டே, தினமும் சொல்வதுபோல. "கம்பெனியா இருக்கும்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். யாரும் போய் எடுக்கவில்லை. யார் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்த ஒரே ஆளுக்கு இரண்டு கையும் அண்ணனிடம் இருந்தன.

"நடங்கப்பா," என்றார் முன்னால் பிடித்திருந்தவர்.

தம்பிக்காரன் நடந்தான். கீழே பார்க்கவில்லை. நாலு, ஐந்து. கடைசி இரண்டு அடியும் தானாகவே சின்னதாயின. ஏழாவதில் வெறுங்காலின் அடியில் டேப்பின் ஓரம் தட்டுப்பட்டது. போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.